டர்போ இல்லாத பழைய ஜப்பான் இஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பழைய ஜப்பான் கார் இஞ்சின் பத்திதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன். டர்போ மாட்டலாமான்னு கேட்டவங்களும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இன்னைக்கு தானா மூச்சு விடற இஞ்சின், அதாவது நேச்சுரல் இஞ்சின் மட்டும்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட பழைய டொயோட்டா ஏஇ86 கார் இருக்கு, ஒரிஜினல் 4ஏ-ஜிஇ இஞ்சின், இதுவரைக்கும் திறந்ததே இல்ல. கேட்டலாக்ல 130 பிஎஸ்னு (குதிரைசக்தி) போட்டிருக்கான். ஆசையா டைனோவுல (பவர் அளக்கற மெஷின்) ஏத்தினா வீல்ல 93தான் காட்டுது. மீதி 37 குதிரை எங்க போச்சு? டைனோக்காரர் ஏமாத்தறாரா இல்ல என் இஞ்சின் செத்துப்போச்சா?

ரெண்டும் இல்ல தம்பி. முதல்ல அந்த 130ங்கறதே கிராஸ் கணக்கு. இஞ்சினை தனியா கழட்டி ஸ்டாண்டுல வச்சு, கார்ல இருக்கற பாரம் எல்லாம் இல்லாம அளந்தது. 80கள் நடுவுல ஜப்பான்காரங்க அந்த பாரத்தோட அளக்கற நெட் கணக்குக்கு மாறினாங்க, அப்போ அடுத்த மாடல் ஏஇ92ல வந்த 4ஏ-ஜிஇக்கு அவங்களே 120னுதான் போட்டாங்க. ஆக பத்து குதிரை எப்பவுமே பேப்பர்ல மட்டும் ஓடினது. மிச்சம் 120, அதுல கியர்பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், டயர் எல்லாம் சேர்ந்து சுமார் 15 சதவீதம் தின்னுடும், அப்போ 102. உனக்கு 93 வருது. இத்தனை வருஷம் ஓடின இஞ்சினுக்கு இது நோய் இல்ல, வயசு.

ஆனா அந்த 9 குதிரை எங்க ஒழுகுதுன்னு பாக்காம பார்ட்ஸ் வாங்க ஓடாத. கம்ப்ரெஷன் டெஸ்ட் போடு, நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும். அப்புறம் லீக் டவுன், அதுதான் நிஜமான டாக்டர், காத்தை உள்ள விட்டுட்டு காதை வச்சு கேளு: த்ராட்டில் பக்கம் உஸ்ஸுன்னா இன்டேக் வால்வு, சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊத்தற மூடியில கேட்டா ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட். அதோட டைமிங் லைட் (ப்ளக் எப்போ பத்த வைக்குதுன்னு காட்டறது) வச்சு பாக்கறதுக்கு முன்னாடி கிராங்க் புல்லியில இருக்கற குறி நிஜமாவே டாப்புல, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துல, நிக்குதான்னு பிஸ்டன் ஸ்டாப் வச்சு சரிபாரு, ஏன்னா பழைய புல்லியில நடுவுல இருக்கற ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நகர்ந்திருக்கும், நீ பத்து டிகிரின்னு நினைச்சு வச்சது அஞ்சாவும் இருக்கலாம் பதினஞ்சாவும் இருக்கலாம். நான் பாத்த "பவர் இல்லாத" கார்கள்ல நிறைய இந்த ரகம்தான்.

அந்த 93 போட்ட பேப்பரை பத்திரமா வை. இனிமே நீ பண்ற எல்லாத்துக்கும் அதுதான் அளவுகோல்.

கேள்வி: சைலன்சர் பைப்பை பெருசா போட்டா பவர் ஏறுமா? கொஞ்சம் அடைப்பு இருந்தாதான் இழுவை வரும்னு ஒருத்தர் சொல்றார்.

அடைப்பால எந்த இஞ்சினுக்கும் நல்லது நடந்ததில்ல. பைப் ரொம்ப பெருசானா புகையோட வேகம் குறையும், ஒரு சிலிண்டர்லேர்ந்து போற புகை அடுத்ததை இழுத்துவிடற வேலை கெட்டுப்போகும், கீழ இழுவை குறையறது அதனாலதான். அவர் பாத்தது சரி, சொன்ன காரணம் தப்பு. 1600 சிசிக்கு வாய்க்குள்ள கை நுழையற பைப் எதுக்கு? ஹெடர்ல (இஞ்சின்லேர்ந்து புகையை வெளிய எடுத்துட்டு போற பைப் தொகுதி) நாலு பைப் ரெண்டாகி அப்புறம் ஒண்ணாறது நடு ஆர்பிஎம்முக்கு நல்லது, நாலும் நேரா ஒண்ணாறது மேல் ஆர்பிஎம்முக்கு. ரோட்டுல ஓட்டற காருக்கு நான் முதல் ரகம்தான் போடுவேன்.

கேள்வி: சார், டர்போ இல்லாம எவ்வளவு பவர் எடுக்க முடியும்? ஒரு கணக்கு சொல்லுங்க. எல்லாரும் ஆளுக்கொரு நம்பர் அடிச்சு விடறாங்க.

கணக்கு ரொம்ப சின்னது. டார்க்கை (இஞ்சின் சுத்தற விசை) நியூட்டன் மீட்டர்ல எடுத்துக்கோங்க, ஆர்பிஎம்மால பெருக்குங்க, 7024ஆல வகுத்தா பிஎஸ் வந்துடும். நல்லா கட்டின நேச்சுரல் இஞ்சின் ஒரு லிட்டருக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் குடுக்கும், ரேஸ் தரத்துல கட்டினா இன்னும் கொஞ்சம். காத்தை யாரும் உள்ள தள்ளிவிடாததால அந்த 100ஐ பெருசா தாண்டறது கஷ்டம். அப்போ பவர் எங்கேர்ந்து வரும்? அதே டார்க்கை இன்னும் மேல் ஆர்பிஎம் வரைக்கும் தூக்கிட்டு போறதுலேர்ந்துதான். 1600 சிசி இஞ்சின் 160 நியூட்டன் மீட்டரை 6000ல குடுத்தா 137 பிஎஸ், அதையே 7000ல குடுத்தா 159, 8000ல குடுத்தா 182. பார்ட்ஸ் கேட்டலாக்கை விட இந்த மூணு நம்பரை மனப்பாடம் பண்ணுங்க.

கம்பெனிக்காரங்க பண்ணினதும் இதேதான். ஹோண்டா பி16ஏ 1989ல இன்டெக்ராவுல வந்தப்போ 1595 சிசியில 160 பிஎஸ், 7600 ஆர்பிஎம்ல. 1997ல சிவிக் டைப் ஆர்ல வந்த பி16பி அதே சிசிக்கு 185 பிஎஸ், ஆனா 8200ல. கணக்கு போட்டு பாருங்க, அந்த உச்சத்துல லிட்டருக்கு 99 நியூட்டன் மீட்டர்தான் வருது. நிசான் எஸ்ஆர்16விஇ என்1 இன்னும் ஒரு படி மேல, 7800ல 200 பிஎஸ், லிட்டருக்கு கிட்டத்தட்ட 113. கம்பெனியே சொந்த லேப், சொந்த பெஞ்ச் எல்லாம் வச்சு எடுத்த நம்பர் இதெல்லாம். ஒருத்தர் வந்து 1600ல வெறும் ஃபில்டரும் சிப்பும் போட்டு 210 எடுத்தேன்னு சொன்னா சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க.

இதுக்கு ஒரு விலை இருக்கு. கனெக்டிங் ராடு போல்ட்டை பிச்சு இழுக்கற விசை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், அதாவது 7000லேர்ந்து 8000 போனா ஆர்பிஎம் 14 சதவீதம்தான் கூடுது, போல்ட் மேல விழற பாரம் 31 சதவீதம் கூடுது. பவரால ராடு உடையறதை விட ஆர்பிஎம்மால போல்ட் விட்டுப்போறதுதான் நேச்சுரல் இஞ்சின்ல அதிகம். ஆர்பிஎம் லிமிட்டரை தூக்கறதுக்கு முன்னாடி ராடு போல்ட், வால்வு ஸ்ப்ரிங், ஆயில் பம்ப் மூணையும் பாத்துடுங்க.

கேள்வி: என் 4ஏ-ஜிஇக்கு கேம் வாங்கறதா, கம்ப்ரெஷன் ஏத்தறதா, இல்ல நாலு த்ராட்டில் பாடி போடறதா? பணம் ஒவ்வொண்ணா சேர்த்துதான் பண்ண முடியும், எதை முதல்ல பண்ணட்டும்?

நீங்க கேட்ட விதத்துலயே சிக்கல் இருக்கு. மூணையும் தனித்தனி சாமானா பாக்கறீங்க, இஞ்சின் அப்படி பாக்காது. கேம்ங்கறது வால்வை திறந்து மூடற தண்டு. பெரிய கேம்ல இன்டேக் வால்வு லேட்டா மூடும், பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்சப்புறமும் வால்வு திறந்தே இருக்கும், கீழ் ஆர்பிஎம்ல உள்ள வந்த காத்துல கொஞ்சம் வந்த வழியே திரும்பி போயிடும். அதனால ஸ்டாக் (கம்பெனி குடுத்த) கம்ப்ரெஷன்ல பெரிய கேம் மட்டும் போட்டா கீழயும் செத்துடும், மேலயும் முழுசா வராது, ஐட்லிங்கும் ஆடும். அதே மாதிரி சின்ன கேம்ல கம்ப்ரெஷனை மட்டும் ஏத்தினா பெட்ரோல் தப்பா வெடிச்சு தட்ட ஆரம்பிச்சிடும், இக்னிஷன் டைமிங்கை பின்னாடி இழுக்க வேண்டி வரும், ஏத்தினதுல பாதி வீண். கேமும் கம்ப்ரெஷனும் ஜோடி. பணம் சேர்ற வரைக்கும் ஸ்டாக்காவே ஓட்டுங்க, அந்த ரெண்டையும் ஒரே தடவையா பண்ணுங்க.

கம்ப்ரெஷனுக்கு கொஞ்சம் கணக்கு. 81 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 77 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), ஒரு சிலிண்டருக்கு 396.8 சிசி. பிஸ்டன் கீழ இருக்கறப்போ உள்ள மொத்த இடத்தை மேல இருக்கறப்போ மிச்சம் இருக்கற இடத்தால வகுத்தா கம்ப்ரெஷன். பழைய 4ஏ-ஜிஇ 9.4 கம்ப்ரெஷன், அப்படின்னா மேல மிச்சம் இருக்கற இடம் 47.2 சிசி. நீங்க கேஸ்கட்டை அரை மில்லிமீட்டர் மெல்லிசா போட்டா 2.6 சிசி குறையும், 9.9 வரும், அவ்வளவுதான். 11 வேணும்னா அந்த இடம் 39.7க்கு வரணும். ஹெட்டை மட்டும் சீவி சீவி அங்க போகணும்னு நினைக்காதீங்க, மேடு வச்ச பிஸ்டன்தான் வழி. ஹெட்டை சீவினா கேமுக்கும் கிராங்குக்கும் இருக்கற தூரம் குறைஞ்சு கேம் டைமிங் கொஞ்சம் பின்னாடி போயிடும், அதை சரி பண்ண நகர்த்தற மாதிரி கேம் புல்லி வேணும், இதை யாரும் பில்லு போடும்போது சொல்லமாட்டாங்க.

அப்புறம் களிமண் சோதனை. பிஸ்டன் தலையில பசங்க விளையாடற களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, டைமிங் போட்டு, கையால ரெண்டு சுத்து சுத்தி, திரும்ப கழட்டி களிமண்ணை வெட்டி தடிமனை அளங்க. வால்வும் பிஸ்டனும் ரொம்ப நெருங்கறது சரியா டாப்புல இல்ல, எக்ஸாஸ்ட்டுக்கு டாப்புக்கு சுமார் பத்து டிகிரி முன்னாடி, இன்டேக்குக்கு பத்து டிகிரி பின்னாடி. இன்டேக்ல 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்ல 2.5 இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் அதிகம்னா அந்த வால்வு சூட்டுல நீளும், அதுவும் இல்லாம மேல் ஆர்பிஎம்ல ஸ்ப்ரிங் தடுமாறினா மூடற வால்வை பிஸ்டன் துரத்திட்டு வர்ற இடம் அது. இந்த ஒரு மாலை வேலைக்கு சோம்பல்பட்டு மொத்த ஹெட்டையும் தொலைச்சவங்களை பாத்திருக்கேன்.

நாலு த்ராட்டில் பாடி? சத்தம் அமிர்தம், மறுக்கமாட்டேன். கால் வச்சதும் இஞ்சின் பதில் சொல்ற வேகமும் தனி. ஆனா லேசான கேமுக்கு அதுல வர்ற பவர் நீங்க நினைக்கறதை விட கம்மி. ட்யூனிங் தலைவலியும் உண்டு, நாலு வாயும் தனியா இருக்கறதால வாக்கியூம் சிக்னல் துடிச்சுட்டே இருக்கும், கொஞ்சம் திறந்ததுமே வெளிக்காத்து அழுத்தத்துக்கு போயிடும், அதனால இன்டேக் அழுத்தத்தை அளக்கற மேப் சென்சரை மட்டும் நம்பி பெட்ரோல் குடுக்க முடியாது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு பாத்து குடுக்கணும். நாலையும் காத்தோட்ட மீட்டர் வச்சு சமமா வைக்கலைன்னா எந்த ட்யூனராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இது கடைசி.

கேள்வி: ஹோண்டா பி18பி பிளாக்குல பி16 விடெக் ஹெட்டை உக்கார வச்சா கம்மி செலவுல பெரிய பவர்னு நண்பர்கள் சொல்றாங்க. நம்பலாமா?

பவர் வரும், பொய் இல்ல. ஆனா அந்த பிளாக்ல விடெக்குக்கு (ஆயில் அழுத்தத்தால மேல் ஆர்பிஎம்ல பெரிய கேமுக்கு மாறற ஹோண்டா முறை) ஆயில் போற வழியே கிடையாது, வெளியிலேர்ந்து லைன் இழுக்கணும், ஹெட்டுலயும் வேலை இருக்கு. அடுத்தது ஸ்ட்ரோக் 89 மில்லிமீட்டர். 8000ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 23.7 மீட்டர், பி16ல அதே 8000ல 20.6தான். அந்த கீழ்ப்பாதியை 8000க்குன்னு யாரும் டிசைன் பண்ணல. ராடு போல்ட்டாவது மாத்தி, பேரிங் இடைவெளி அளந்து, 7500ல நிறுத்திக்கற மனசு இருந்தா பண்ணுங்க. விடெக் சத்தம் கேட்டதும் 8500 வரைக்கும் மிதிக்கற கால் உங்களுக்கு இருக்குன்னா வேண்டாம்.

கேள்வி: அடுத்த வாரம் டைனோ ட்யூனிங்குக்கு போறேன், பி16ஏ, பழைய பி28 ஈசியூவுல (இஞ்சின் கம்ப்யூட்டர்) சிப் போட்டது. அங்க என்ன நடக்கும், நான் என்னத்தை கவனிக்கணும்? ட்யூனர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பக்கூட மாட்டார்.

திருப்ப சொல்லுங்க, உங்க இஞ்சின்தானே!

போறதுக்கு முன்னாடி ப்ளக், பெட்ரோல் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ், கூலன்ட் எல்லாம் முடிச்சிருக்கணும். ஒழுகற வாக்கியூம் குழாயோட டைனோவுல நின்னா மணிக்கணக்குக்கு காசு குடுத்து மெக்கானிக் வேலை பாப்பீங்க. நீங்க தினமும் ஊத்தற பெட்ரோலையே ஊத்திட்டு போங்க, ட்யூனிங்குக்கு மட்டும் நல்ல பெட்ரோல் ஊத்தி அப்புறம் சாதாரணத்துல ஓட்டினா தட்டி தட்டியே பிஸ்டன் போயிடும்.

நல்ல ட்யூனர் வந்ததும் முழு த்ராட்டில் குடுக்கமாட்டார். டைனோவுல லோடு பிடிச்சு ஒரே ஆர்பிஎம்ல இஞ்சினை நிறுத்தி வச்சு, கட்டம் கட்டமா பெட்ரோலை சரி பண்ணிட்டு வருவார். வெறும் ரோலரை சுத்தி அளக்கற இனர்ஷியா டைனோவுல இப்படி நிறுத்த முடியாது, ரோட்டுல நீங்க ஓட்டற பாதி த்ராட்டில் எல்லாம் அனுமானத்துல விட்டுடுவாங்க. முழு த்ராட்டில்ல லாம்டா (சரியான கலவை 1, அதுக்கு கீழன்னா பெட்ரோல் அதிகம்) 0.87லேர்ந்து 0.90க்குள்ள, அதாவது ஏஎஃப்ஆர் (காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) 12.8லேர்ந்து 13.2 பக்கம், நேச்சுரல் இஞ்சின் பொதுவா அங்கதான் சந்தோஷமா இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்ல ஏஎஃப்ஆர் நம்பர் குழப்பும், லாம்டாவையே கேளுங்க.

அடுத்தது இக்னிஷன் டைமிங், பவர் ஒளிஞ்சிருக்கற இடம் இதுதான், ஆபத்தும் இதுதான். ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்துவார், டார்க் ஏறும், ஏறும், அப்புறம் ரெண்டு டிகிரி குடுத்தும் ஏறாது. அங்க நிறுத்திட்டு கொஞ்சம் பின்னாடி வரணும். உச்சிக்கு பக்கத்துல டார்க் தட்டையா இருக்கும், கடைசி ரெண்டு டிகிரிக்கு கிடைக்கறது அரை குதிரை, ஆனா சிலிண்டருக்குள்ள அழுத்தம் சும்மா ஏறிட்டே போகும். அந்த அரை குதிரைக்காக ஆசைப்படற ட்யூனர்கிட்டேர்ந்து காரை எடுத்துட்டு வந்துடுங்க. தட்டற சத்தத்தை கேக்க சிலர் செப்புக் குழாயோட நுனியை தட்டையாக்கி பிளாக்குல போல்ட் போட்டு, ரப்பர் குழாய் வழியா காதுல கேப்பாங்க. பாக்க நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனா சத்தியமா வேலை செய்யும்.

விடெக் எந்த ஆர்பிஎம்ல மாறணும்னு கேட்டா பல பேர் வாயில வந்த நம்பரை சொல்வாங்க. சரியான முறை இது: விடெக்கை மேல தள்ளி வச்சு சின்ன கேம்ல மட்டும் ஒரு இழுப்பு (டைனோவுல ஒரு முழு ஓட்டம்), அப்புறம் கீழ இறக்கி பெரிய கேம்ல மட்டும் ஒரு இழுப்பு, ரெண்டு டார்க் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாத்தா எங்க வெட்டிக்குதோ அதுதான் இடம். அங்க மாத்தினா அந்த உதை தெரியவே தெரியாது. உதை தெரிஞ்சாதான் விடெக்னு நினைக்கறவங்க ஏமாந்துபோவாங்க, ஆனா உதைக்குதுன்னா அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் டார்க்கை இழந்துட்டிருந்தீங்கன்னு அர்த்தம்.

நகர்த்தற கேம் புல்லி இருந்தா இன்டேக்கை முன்னாடி தள்ளினா நடு ஆர்பிஎம் ஏறும், பின்னாடி தள்ளினா மேல் ஆர்பிஎம். ஒவ்வொரு தடவை நகர்த்தினதும் உள்ள போற காத்து மாறும், பெட்ரோலையும் டைமிங்கையும் திரும்ப தொடணும். கேம்ல ஒரு டிகிரி கிராங்க்ல ரெண்டு டிகிரி, களிமண்ல அளந்த இடைவெளியை மறந்துட்டு இஷ்டத்துக்கு திருப்பாதீங்க.

இன்ஜெக்டர் டியூட்டியையும், அதாவது அது எத்தனை சதவீத நேரம் திறந்திருக்குங்கறதையும், ஒரு பார்வை பாருங்க. நிமிஷத்துக்கு 240 சிசி பெட்ரோல் விடற இன்ஜெக்டர் நாலு, 85 சதவீத டியூட்டியில, கிராங்க்ல 155லேர்ந்து 170 குதிரை வரைக்கும்தான் தாங்கும்.

கேள்வி: என் நண்பனோட டைனோ பேப்பர்ல என்னோடதை விட 12 குதிரை அதிகம். அதே இஞ்சின், அதே பார்ட்ஸ், வேற டைனோ.

பேப்பர் மூலையில கரெக்ஷன்னு (அன்னைக்கு இருந்த காத்தை பொது அளவுக்கு மாத்தற கணக்கு) ஒண்ணு போட்டிருக்கும், பாருங்க. எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி வெயிலுக்கு மாத்தி காட்டும், பழைய எஸ்டிடி முறை இன்னும் குளிர்ந்த, அடர்த்தியான காத்துக்கு மாத்தும், அதுலயே 4 சதவீதம் பக்கம் கூட காட்டும். டயர் காத்து, பெல்ட்டை எவ்வளவு இறுக்கி கட்டினாங்க, எந்த கியர்ல இழுத்தாங்க, முன்னாடி ஃபேன் எவ்வளவு பெருசு, இது எல்லாம் மேல. வேணும்னா ரெண்டு காரையும் ஒரே நாள்ல ஒரே டைனோவுல ஏத்துங்க, இல்லைன்னா ரெண்டு பேரும் அதை பத்தி பேசாம இருங்க.

கேள்வி: பெரிய கேம், 11 கம்ப்ரெஷன் எல்லாம் போட்டு வீல்ல 93 இருந்தது 121 ஆச்சு. பேப்பர்ல சந்தோஷம், ரோட்டுல முன்னாடி இருந்ததை விட மந்தமா இருக்கு! எப்படி சார்?

உங்க பழைய கிராஃபையும் புது கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க, 3000லேர்ந்து 5000 வரைக்கும் புது கோடு பழைய கோட்டுக்கு கீழ இருக்கும்னு பாக்காமலே சொல்றேன். நீங்க ஓட்டறது அங்க, பவர் வாங்கினது 7000ல. கியர் மாத்தும்போது ஆர்பிஎம் எங்க விழுதுன்னு பாருங்க, ரெண்டாவதுலேர்ந்து மூணாவது போட்டா 7500 இருந்தது 5200க்கு விழுந்தா, அந்த 5200க்கும் 7500க்கும் நடுவுல கோடு எவ்வளவு உயரமா இருக்குங்கறதுதான் ரேஸ். அந்த இடத்துக்கு கீழ என்ன இருந்தா என்ன. ஆனா சிக்னல்ல நின்னு நின்னு ஓட்டற காருக்கு கணக்கு தலைகீழ்.

வழி ரெண்டு. டிஃபரென்ஷியல் ரேஷியோவை குட்டையா மாத்தி இஞ்சினை எப்பவும் மேலயே வச்சுக்கலாம், நெடுஞ்சாலையில காது வலிக்கும். இல்லைன்னா ஒரு சைஸ் சின்ன கேம் போட்டு, உச்சத்துல ஏழெட்டு குதிரை போனா போகட்டும்னு விடலாம். நான் ரெண்டாவதைதான் பண்ணுவேன், என் சொந்த காருக்கும் அதைதான் பண்ணினேன். அதுக்கு முன்னாடி இன்டேக் கேமை நாலு டிகிரி முன்னாடி தள்ளி ஒரு இழுப்பு பாருங்க, அதுவே போதுமாகவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: புதுசா கட்டின இஞ்சினை முதல் 1000 கிலோமீட்டர் மெதுவா ஓட்டணுமா, இல்ல அடிச்சு ஓட்டணுமா?

மெதுவா உருட்டிட்டே இருந்தா ரிங் உக்காராது, சிலிண்டர் சுவர் பளபளன்னு ஆகி அப்புறம் காலம் பூரா ஆயில் குடிக்கும். ரிங்கை சுவத்துல அழுத்தறது சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம், அது லோடுல மட்டும்தான் வரும். ஐட்லிங்ல விட்டுட்டு வேடிக்கை பாக்காதீங்க. நல்லா சூடானதும் நடு ஆர்பிஎம்ல பாதி, முக்கால் த்ராட்டில் குடுத்து ஏத்துங்க, அப்புறம் காலை எடுத்து கியர்லயே இறங்க விடுங்க, இப்படி பல தடவை. மினரல் ஆயில் போதும். முதல் அரை மணி நேரத்துலயே ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி பிரிச்சு உள்ள என்ன மின்னுதுன்னு பாருங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஒரு தடவை நான் பிளாக்கை போர் பண்ண குடுத்து வாங்கினப்போ ஆயில் வழி எல்லாம் சுத்தம் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க, சரின்னு நானும் பிரஷ் விடாம கட்டிட்டேன். இருபதே நிமிஷம். ஃபில்டரை வெட்டினா உள்ள பேரிங் பொடி, தங்கத்தூள் மாதிரி. திரும்ப முழுசா இறக்கி, கிராங்கை பாலிஷ் போட்டு, அஞ்சு வாரம் போச்சு. ஹோனிங் கல்லு தூள் கண்ணுக்கே தெரியாது. சோப்பு தண்ணி, நீள பிரஷ், வெள்ளைத் துணியில அழுக்கு வராத வரைக்கும் தேய்க்கணும், அந்த வேலையை மட்டும் நான் இப்போ யார்கிட்டயும் குடுக்கறதில்ல.

கேள்வி: கடைசியா ஒண்ணு. ஏஇ86க்கு 16 வால்வையே கட்டறதா, 20 வால்வு இஞ்சின் வாங்கி மாத்தறதா?

4ஏ-ஜிஇயோட 20 வால்வு ரகத்துல முதல்ல சில்வர் டாப் 1991ல 160 பிஎஸ்ஸோட வந்தது, 1995ல வந்த பிளாக் டாப் 165, நாலு த்ராட்டில் பாடி கம்பெனியே மாட்டி குடுத்துட்டான், கம்ப்ரெஷன் பிளாக் டாப்ல 11. நீங்க 16 வால்வை கஷ்டப்பட்டு கட்டி எட்டற இடத்துல அது பிறந்ததே. பிளாக் டாப்ல மேப் சென்சர், சில்வர் டாப்ல காத்துல ஆடற கதவு வச்ச பழைய மீட்டர், அதனால ரெண்டுல ஒண்ணுன்னா பிளாக் டாப். ஆனா அது முன்சக்கரம் ஓடற காருக்காக குறுக்க படுத்த இஞ்சின், உங்க கார்ல நீளமா நிக்கணும், டிஸ்ட்ரிபியூட்டர் போய் ஃபயர்வால்ல இடிக்கும், தண்ணி குழாய் எல்லாம் வழி மாத்தணும். வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டு போய் ஹெட்டுக்கு பின்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டு வாங்க.